உடைக்கும் முன் அளந்துவிடுங்கள்

திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி அதன் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடையது 22 ஆண்டுப் பழைய மாடி வீடு. கீழும் மேலுமாக இரண்டு பாத்ரூம்களைப் புதுப்பிக்கவும், மொட்டை மாடியில் கூலிங் டைல்ஸ் பதிக்கவும், சமையலறை மேடையும் அலமாரியும் மாற்றவும், பெயின்ட் அடிக்கவும் மெட்டீரியலோடு சேர்த்து மொத்தம் 7,40,000 ரூபாய்க்குப் பேசியிருக்கிறார்கள். கணவரின் ஒன்றுவிட்ட அண்ணன் அறிமுகப்படுத்திய காண்ட்ராக்டர் என்பதால் ஒப்பந்தப் பத்திரம் எதுவும் போடவில்லை. வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய ஒரு பக்க எஸ்டிமேட் மட்டும் இருக்கிறது. 45 நாளில் முடிப்பதாகச் சொன்னவர் நாலு மாதமாகியும் முடிக்கவில்லை. இதுவரை கொடுத்தது 5,90,000 ரூபாய். அதில் 1,50,000 ரொக்கம், 90,000 காண்ட்ராக்டரின் மச்சான் கணக்குக்கு, மீதி காண்ட்ராக்டருக்கே ஜி.பே.யில்.

மேல் பாத்ரூமில் குளித்தால் கீழே சாப்பாட்டு அறையின் சீலிங் நனைகிறது. கீழ் பாத்ரூமில் தண்ணீர் டிராப் (தரையில் தண்ணீர் வடியும் வாய்) பக்கம் போகாமல் கதவோரம் தேங்குகிறது. மாடியில் பழைய தளஓட்டைப் பெயர்க்காமல் அதன் மேலேயே மூன்றில் இரண்டு பங்கு டைல்ஸ் பதித்து நிறுத்திவிட்டார்கள். இந்த நிலையில் காண்ட்ராக்டர் விலைவாசி ஏறியதற்கு 1,12,000, கூடுதல் வேலைக்கு 48,000, ஆக மொத்தம் 1,60,000 கேட்டு, அது வந்தால்தான் ஆள் வரும் என்கிறார். போன் எடுப்பதை நிறுத்தியாயிற்று.

போலீசில் ஏமாற்று வழக்கு கொடுக்கலாம் என்கிறார் கணவர். ரெரா என்னும் ரியல் எஸ்டேட் சட்டப்படி 5 ஆண்டு உத்தரவாதம் உண்டு என்கிறார் தம்பி. வீட்டில் கிடக்கும் காண்ட்ராக்டரின் சாமான்களைப் பூட்டி வைக்கச் சொல்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். வேறொரு மேஸ்திரி 1,25,000 ரூபாய் பேசி, திங்கட்கிழமையே இரண்டு பாத்ரூம் தரையையும் உடைக்கத் தயாராக இருக்கிறார். மழைக்காலம் நெருங்குகிறது. என்ன செய்வது என்று கேட்கிறார்.

சகோதரி, திங்கட்கிழமை உடைக்க வேண்டாம். இந்தப் பதிலில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். உங்கள் கையில் இருக்கும் மிகப் பெரிய சாட்சி அந்த ஒழுகும் தரைதான். அதை உடைத்து அள்ளிப்போட்ட பிறகு, "நான் நன்றாகத்தான் போட்டேன், புது ஆள் வந்து கெடுத்தான்" என்று காண்ட்ராக்டர் சொன்னால் மறுக்க உங்களிடம் எதுவும் இருக்காது.

பத்திரம் இல்லை என்ற கவலை

கடிதத்தில் மூன்று இடத்தில் "எழுத்தில் எதுவும் இல்லை, என் தப்புதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். வாய்மொழி ஒப்பந்தமும் சட்டப்படி ஒப்பந்தம்தான். பத்திரம் இல்லாததால் உரிமை போகாது, நிரூபிக்கும் பாரம் கூடும், அவ்வளவுதான். உங்கள் விஷயத்தில் அந்தப் பாரமும் பெரிதில்லை. அந்த ஒரு பக்க எஸ்டிமேட்டில் நான்கு வேலைக்கும் தனித்தனி தொகை இருக்கிறது: பாத்ரூம்கள் 3,10,000, மொட்டை மாடி 1,90,000, சமையலறை 1,40,000, பெயின்ட் 1,00,000. பலருக்கு இந்த அளவு பிரிவுகூடக் கிடைப்பதில்லை.

வாட்ஸ்அப் உரையாடலில் ஒரு வரியையும் அழிக்காதீர்கள். செய்திகள் தானாக மறையும் வசதி இயங்கினால் இன்றே நிறுத்துங்கள். உரையாடல் முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்து மின்னஞ்சலில் சேமியுங்கள். ஆனாலும் அந்தப் போனை மாற்றவோ விற்கவோ வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவு, மின்னணு ஆவணத்தோடு ஒரு சான்றிதழ் கேட்கிறது. அதன் ஒரு பகுதியை நீங்களும் இன்னொரு பகுதியை ஒரு நிபுணரும் நிரப்ப வேண்டும். மூலக் கருவி கையில் இருந்தால் அது சுலபம்.

ரொக்கமாகக் கொடுத்த 1,50,000-க்கு ரசீது இல்லை. அதே நாளில் வங்கியிலிருந்து எடுத்ததற்கான பதிவும், "ஒன்றரை வந்துச்சு மேடம்" என்ற அவருடைய குரல் செய்தியும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் சேர்ந்தால் போதும். மச்சான் கணக்குக்குப் போன 90,000-தான் கொஞ்சம் பலவீனம். அந்தக் கணக்கு எண்ணை அனுப்பியது காண்ட்ராக்டர்தான் என்பதைக் காட்டும் செய்தியைத் தேடி எடுத்து வையுங்கள்.

சோதனையும் அளவும்

ஒரு சிவில் இன்ஜினியரை நீங்களே அமர்த்துங்கள். நகராட்சியிலோ மாநகராட்சியிலோ பதிவு பெற்றவர், அல்லது ஓய்வு பெற்ற பொதுப்பணித் துறைப் பொறியாளர் நல்லது. புது மேஸ்திரிக்குத் தெரிந்தவர் வேண்டாம். எந்தெந்த வேலை எவ்வளவு முடிந்திருக்கிறது என்ற அளவு, எங்கெங்கே என்ன குறை, அதைச் சரிசெய்ய நியாயமாக எவ்வளவு ஆகும் என்று மூன்றையும் தனித்தனியாக எழுதி, தேதியும் கையெழுத்தும் போட்டு வாங்குங்கள்.

மேல் பாத்ரூம் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்காமல் யாரும் சம்மட்டியைத் தூக்கக் கூடாது. தண்ணீர் மூன்று வழியில் வரலாம்: சுவருக்குள் போகும் குழாய், நஹானி டிராப்பின் கழுத்து, தரை முழுவதற்குமான வாட்டர்புரூஃப் பூச்சு. முதலில் அந்த பாத்ரூமுக்கான கேட் வால்வை மூடிவிட்டு இரண்டு நாள் யாரும் பயன்படுத்தாமல் விடுங்கள். சீலிங் ஈரம் காய்ந்து வந்தால் அடுத்த இரண்டு நாள் வால்வை மட்டும் திறந்து வையுங்கள், தரையில் தண்ணீர் விட வேண்டாம். அப்போது ஈரம் திரும்பினால் குற்றவாளி அழுத்தத்தில் இருக்கும் குழாய். திரும்பவில்லையென்றால் டிராப் வாயை அடைத்து, வாசல் கல்லுக்குக் கீழே நிற்கும்படி தரையில் ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி, சுவரில் பென்சில் கோடு போட்டு 24 மணி நேரம் விடுங்கள். மட்டம் இறங்கி சீலிங் நனைந்தால் தரைப் பூச்சு. தண்ணீர் நின்றபடியே இருந்து, அடைப்பை எடுத்து வடியவிட்ட பிறகு சீலிங் நனைந்தால் டிராப்பிலோ கழிவுக் குழாய் இணைப்பிலோ கோளாறு. ஒவ்வொரு கட்டத்திலும் தேதி தெரியும்படி வீடியோ எடுங்கள்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் பணம். டிராப் கழுத்துதான் காரணம் என்றால் அதைச் சுற்றி நாலு டைல்ஸை எடுத்துச் சரிசெய்து, பூச்சை மீண்டும் இணைத்துவிடலாம். முழுத் தரையையும் உடைக்க புது மேஸ்திரி சொன்ன தொகை தேவையே இல்லாமல் போகலாம். தேவைக்கு மேல் செலவு செய்துவிட்டு அதைப் பழைய காண்ட்ராக்டரிடம் கேட்டால் நுகர்வோர் ஆணையம் தராது. ஒப்பந்தச் சட்டத்தின் 73-வது பிரிவு, நட்டத்தைக் குறைக்க உங்களுக்கு என்ன வழி இருந்தது என்பதையும் பார்க்கச் சொல்கிறது.

காண்ட்ராக்டர் போன் எடுத்த கடைசித் தடவை, டைல்ஸ் ஜாயின்டில் எபாக்ஸி பசை அடைத்துத் தருகிறேன் என்று சொன்னாராம். அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். டைல்ஸும் ஜாயின்டும் தண்ணீரைத் தடுக்கும் அரண் அல்ல. கீழே இருக்கும் வாட்டர்புரூஃப் பூச்சுதான் அரண். அது தரையோடு நிற்காமல் சுவரில் ஓர் அடியாவது ஏறியிருக்க வேண்டும், ஷவர் பக்கம் இன்னும் உயரமாக. மேலே எபாக்ஸி அடைத்தால் சில மாதம் ஒழுக்கு தெரியாமல் இருக்கும். உங்கள் சாட்சியும் அதற்குள் மறைந்துவிடும்.

கீழ் பாத்ரூம் விஷயம் எளிது. டிராப்பை நோக்கி மீட்டருக்கு 10 மில்லிமீட்டர் அளவுக்காவது சரிவு வேண்டும். இன்ஜினியர் ரசமட்டம் வைத்துப் பார்த்து எழுதிவிடுவார். ஒரு நாணயத்தால் டைல்ஸைத் தட்டி, பொக்கையாகச் சத்தம் வரும் இடங்களில் சாக்பீஸ் குறி போட்டுப் படம் எடுங்கள். ஒன்றிரண்டு பொக்கை எல்லா வீட்டிலும் இருக்கும், அதைப் பெரிதாக்க வேண்டாம்.

மொட்டை மாடியில் நீங்கள் நினைப்பது போலப் பழைய ஓட்டின் மேல் பதித்ததே குறை ஆகிவிடாது. எஸ்டிமேட்டில் "பழைய ஓடு பெயர்த்து" என்று இருந்தால் குறை. இல்லையென்றால், கீழே உள்ள ஓடு உறுதியாக ஒட்டியிருக்கிறதா, ஒன்றரை அங்குலக் கலவையும் ஓடும் சேர்ந்து சதுரடிக்கு ஏறத்தாழ 10 கிலோ கூடியதைப் பழைய தளம் தாங்குமா, மழைநீர்க் குழாய் வாயும் மாடிக்கதவு நிலையும் புது மட்டத்துக்கு ஏற்றபடி இருக்கின்றனவா என்று இன்ஜினியரைப் பார்க்கச் சொல்லுங்கள். பதிக்காமல் விட்ட பகுதிக்கும் பதித்த பகுதிக்கும் இடையிலுள்ள விளிம்பை மழைக்கு முன் கலவை வைத்துச் சாய்வாக மூடிவிடுங்கள். தண்ணீர் அந்த வழியாகத்தான் டைல்ஸுக்கு அடியில் நுழையும்.

யார் யாருக்குப் பாக்கி

நீங்கள் 5,90,000 கொடுத்தீர்கள் என்பது கணக்கின் ஒரு பக்கம்தான். மறுபக்கம், அவர் செய்து முடித்த வேலையின் மதிப்பு. நீங்கள் சொன்ன விவரத்தை வைத்து உத்தேசமாகப் போட்டுப் பார்க்கிறேன், இன்ஜினியர் அளந்ததும் எண்கள் மாறும். பாத்ரூம்களில் எண்பது சதவீதம் என்றால் 2,48,000. மாடியில் மூன்றில் இரண்டு பங்குக்கு சுமார் 1,25,000. சமையலறையில் மேடை முடிந்து அலமாரி பாக்கி, பாதி என்று வைத்தால் 70,000. பெயின்ட் இன்னும் தொடவில்லை. மொத்தம் 4,43,000. ஆக 1,47,000 கூடுதலாகப் போயிருக்கிறது.

கூடுதல் வேலை என்று அவர் கேட்கும் 48,000-ல், லாஃப்ட் போடச் சொன்னது நீங்கள்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இன்ஜினியர் அதற்கு 18,000 மதிப்புப் போட்டால் அதைக் கழித்துவிடுங்கள். கேட்டுச் செய்த வேலைக்குப் பணம் தரத்தான் வேண்டும், ஒப்பந்தச் சட்டத்தின் 70-வது பிரிவும் அதைத்தான் சொல்கிறது. "நான் சொல்லவே இல்லை" என்று மறுத்து, பிறகு உங்கள் குரல் செய்தியே வெளியே வந்தால் உண்மையான குறைகள் மீதும் சந்தேகம் விழும். விலைவாசிக்குக் கேட்கும் 1,12,000 வேறு கதை. மொத்தத் தொகை பேசிய வேலையில், விலை ஏறினால் கூட்டித் தர வேண்டும் என்று முன்கூட்டிப் பேசாதவரை அதைத் தரத் தேவையில்லை. காலதாமதம் அவருடையது என்னும்போது கேட்கவே முகாந்திரம் இல்லை.

ஆக 1,29,000 திரும்ப வர வேண்டும், குறைகளைச் சரிசெய்யும் செலவு தனி. ஒரு எச்சரிக்கை: குறையுள்ள பாத்ரூம் வேலைக்கு மதிப்பே இல்லை என்று பூஜ்யம் போட்டுவிட்டு, அதைச் சரிசெய்யும் செலவையும் கேட்டால் ஒரே நட்டத்தை இரண்டு முறை கேட்டதாகிவிடும். எதிர்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது அதைத்தான்.

போலீசும் ரெராவும்

கணவரின் கோபம் புரிகிறது. ஆனால் ஏமாற்று வழக்குக்கு, பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். நாலு மாதம் ஆள் விட்டு பாதிக்கு மேல் வேலை செய்தவர் மீது அது நிற்பது கடினம். ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். (புகார் பெற்றதற்கான) ரசீது போட்டு இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசுவார்கள். அப்படிப் பேசி எதிலாவது கையெழுத்துப் போட நேர்ந்தால், "இனி எங்களுக்குள் எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஒரு வரியில் எல்லாம் போய்விடும். அவர் மிரட்டினாலோ, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பொருளைத் தூக்கிப் போனாலோ தயங்காமல் போலீசுக்குப் போங்கள்.

தம்பி சொல்லும் 5 ஆண்டு, 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14-வது பிரிவில் இருப்பது உண்மை. அது விற்பதற்காகக் கட்டும் புரமோட்டர்களுக்கானது. விளம்பரமோ விற்பனையோ சம்பந்தப்படாத புதுப்பிப்பு, பழுது வேலைகளை அதே சட்டத்தின் 3-வது பிரிவு பதிவிலிருந்து விலக்கியிருக்கிறது. உங்களுக்கு அந்தக் கதவு திறக்காது.

திறக்கும் கதவு நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வீட்டுக் கட்டுமானமும் ஒரு சேவை. வீடு கட்டும் வேலையைக் காண்ட்ராக்டரிடம் ஒப்படைத்தவர் சேவைக் குறைபாட்டுக்குப் புகார் செய்யலாம் என்று ஃபகீர் சந்த் குலாட்டி வழக்கில் 2008-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நோட்டீஸ், பிறகு ஆணையம்

அறிக்கை கைக்கு வந்ததும் நோட்டீஸ். வக்கீல் மூலம் அனுப்பினால் கனம் கூடும், நீங்களே எழுதினாலும் செல்லும். கொடுத்த பணம் தேதிவாரியாக, செய்த வேலை, குறைகள், மேலே சொன்ன கணக்கு எல்லாம் இருக்கட்டும். 15 நாளுக்குள் கணக்குத் தீர்க்க வேண்டும் என்று கேளுங்கள். அதிலேயே, மழை காரணமாக இன்ன தேதியில் இன்ன நேரத்தில் பாத்ரூம் தரையைத் திறக்கப் போகிறோம், விருப்பமிருந்தால் வந்து பார்க்கலாம் என்றும் எழுதுங்கள். அவர் வந்தாலும் வராவிட்டாலும் அந்தத் தேதியில், இன்ஜினியரை அருகில் வைத்துக்கொண்டு வீடியோ எடுத்தபடி தாராளமாக உடைக்கலாம். வழக்கு முடியும்வரை ஒழுகும் வீட்டில் காத்திருக்க வேண்டியதில்லை. டிராப்பையும் பெயர்த்த டைல்ஸ் சிலவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டுவாடா ஆனதற்குக் கையெழுத்துச் சான்று கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். முகவரி தெரியாது என்கிறீர்கள். அவருடைய விசிட்டிங் கார்டில் ஜி.எஸ்.டி. எண் இருந்தால் அந்த இணையதளத்தில் தேடினாலே பதிவுப் பெயரும் தொழில் முகவரியும் வரும். இல்லையென்றால் அறிமுகப்படுத்திய அண்ணனைக் கேளுங்கள். அவரிடம் கேட்க வேண்டியது அது மட்டும்தான். அவரை ஜாமீன்தாரராக நடத்தினால் காண்ட்ராக்டரை விட்டுவிட்டுச் சொந்தத்துக்குள் சண்டை தொடங்கும்.

பதில் வராவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கொடுத்த தொகை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம்தான். 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை கட்டணம் 200 ரூபாய். இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் போடலாம், வக்கீல் கட்டாயம் இல்லை. கால வரம்பு 2 ஆண்டு. எதிர்தரப்பு 30 நாளில், மிஞ்சினால் இன்னும் 15 நாளில் பதில் தர வேண்டும், அதற்கு மேல் நீட்டிக்க முடியாது. தீர்ப்பு 3 மாதத்தில், பரிசோதனை தேவைப்பட்டால் 5 மாதத்தில் என்பது சட்டத்தில் உள்ள கணக்கு. நடைமுறையில் அதைவிட நீளும் என்று எண்ணிக்கொண்டே இறங்குங்கள். மன உளைச்சலுக்குப் பத்து லட்சம் என்று எழுதச் சொல்பவர்கள் இருப்பார்கள், கேட்காதீர்கள்.

நீதிமன்றம் வரை போகாமல் முடிக்க இன்னொரு வழி, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு. பெண் என்பதால், வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி பெற உங்களுக்கு உரிமை உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். அங்கே இருவரையும் அழைத்து சமரசம் பேசுவார்கள். லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) முடிந்தால் அது தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. என் கருத்தைக் கேட்டால், 1,29,000-ல் லட்சத்தை ஒட்டி அவர் இறங்கி வந்தால் முடித்துக்கொள்ளுங்கள். நிலையான சொத்தில்லாத காண்ட்ராக்டரிடம் முழுத் தொகைக்கு உத்தரவு வாங்கிவிட்டு, அதை வசூலிக்க இன்னொரு மனு போட்டு அலைவதைவிட அது மேல்.

பணத்துக்குப் பதில் வேலையையே முடித்துத் தருகிறேன் என்றால்? அலமாரியும் பெயின்ட்டும் கண்ணுக்குத் தெரியும் வேலை, விடலாம். பாத்ரூமை மீண்டும் அவரிடம் கொடுப்பதாக இருந்தால், குழாய்க்கு ஹேண்ட் பம்பு வைத்து அழுத்தச் சோதனை, பூச்சுக்குத் தண்ணீர் கட்டிச் சோதனை, இரண்டும் இன்ஜினியர் பார்த்த பிறகுதான் டைல்ஸ் என்று எழுதி வாங்குங்கள். முன்பணம் ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

வீட்டில் கிடக்கும் சாமான்கள்

அவருடைய ஜாக்கிகளையும் சென்ட்ரிங் பலகைகளையும் கட்டிங் மெஷினையும் பிடித்து வைக்க உங்களுக்குச் சட்டத்தில் உரிமை இல்லை. நீங்கள் பூட்டினால் அவர்தான் ஸ்டேஷனுக்குப் போவார், அங்கே நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரும். எண்ணிப் பட்டியல் போட்டுப் படம் எடுத்து, "ஞாயிறு காலை வந்து கையெழுத்துப் போட்டு எடுத்துச் செல்லுங்கள்" என்று செய்தி அனுப்பிவிடுங்கள். மீதியிருக்கும் சிமென்ட் மூட்டை, டைல்ஸ் பெட்டிகள் அப்படியல்ல. எஸ்டிமேட் தொகைக்குள் வாங்கியவை என்பதால் அவற்றைக் கணக்கில் சேர்த்துப் பேச வேண்டும். பட்டியலில் தனியாக எழுதி, அவை உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.

சம்பளம் வரவில்லை என்று வாசலில் வந்து நிற்கும் கொத்தனாருக்கும் சித்தாள்களுக்கும் நீங்கள் நேரடியாகப் பாக்கி இல்லை. மனம் கேட்காமல் ஏதாவது கொடுப்பதாக இருந்தால், காண்ட்ராக்டர் கணக்கில் கொடுத்ததாக அவர்களிடம் ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டு, அன்றே அவருக்கும் செய்தி அனுப்பிவிடுங்கள். அந்த வேலையாட்களின் பெயர்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தரைக்கு அடியில் என்ன பூசினார்கள், என்ன பூசவில்லை என்று நேரில் பார்த்தவர்கள் அவர்கள்தான்.